தபாலக்கா போட மறந்த தாழ்ப்பாள்

தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு அப்பால் தார்ச்சாலை இல்லை, மரங்கள்தான். வீட்டின் பின்பக்கத்துக்கு வேலி கிடையாது. துணி காயப்போடும் கம்பியின் ஒரு முனை குளியலறைச் சுவரிலும் மறுமுனை காட்டின் முதல் மரத்திலும் கட்டியிருந்தது.

அந்த வீட்டு அம்மாவைத் தெருவே தபாலக்கா என்றுதான் கூப்பிடும். முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவள். ஒரே பெயரில் மூன்று பேர் குடியிருந்த தெருவில்கூட ஒரு கடிதம் வாசல் மாறிப் போனதில்லை. கதவு எண்ணை எழுத மறந்து வந்த உறைகளைக் கையெழுத்தைப் பார்த்தே எந்த வீட்டுக்கு என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற அன்று, அவள் பேரில் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் அதற்குச் சிரிக்கக்கூட இல்லை. தெரிந்த விஷயத்துக்கு என்ன சிரிப்பு என்பது போல நின்றாள். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை அணைத்தோமா, பூட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம்.

அவள் கணவர் டிங்கர். விபத்தில் நசுங்கிய கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஒரே பட்டறையில் நாற்பது வருஷம் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை ஓட்டி, பள்ளம் எங்கே இருக்கிறது என்று சொல்வார். அறுபதைத் தாண்டியதும் அவருக்கு முதலில் கருவிகளின் பெயர்கள் போயின. "அதை எடு, அந்த… அடிக்கிறதை எடு" என்பார். பிறகு ஒருநாள் காலை முழுவதும் ஒரு வண்டியின் முன்னால், அதில் என்ன பழுது பார்க்கச் சொன்னார்கள் என்று தெரியாமலே நின்றிருக்கிறார். பட்டறை முதலாளி தன்மையான மனிதர். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தாமே ஏதோ தப்புச் செய்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

நரம்பு டாக்டர் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய்தான், ஞாபகம் மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பி வராது என்றார். தினமும் ஒரே நேரத்தில் செய்கிற மாதிரி ஒரு சின்ன வேலை கொடுங்கள், கை சும்மா இருக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்படித்தான் பதினான்கு கோழிக்குஞ்சுகள் அந்த வீட்டுக்கு வந்தன.

மனிதர் மாறிப்போனார். மருமகன் பெயர் அவருக்கு வராது. முந்தின நாள் யார் வந்தார்கள் என்று தெரியாது. ஆனால் பதினான்கு கோழிகளில் எது எதைக் கொத்தும், எது எங்கே முட்டையை ஒளிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சிவப்பாக, ஒரு கால் லேசாக வளைந்த கோழி ஒன்று இருந்தது. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். பழைய மரக்கதவு ஒன்றையும், அறுகோணக் கண் வைத்த கோழி வலையையும் வைத்து அவரே ஒரு கூடு செய்திருந்தார். கதவுக்கு ஒரு சாதாரண இழுப்புத் தாழ்ப்பாள். சாயங்காலம் கோழிகளை உள்ளே ஓட்டி அதைப் போடுவது அவருடைய வேலை. ஒருநாள்கூட அவர் அதை மறந்ததில்லை.

அந்தச் சாயங்காலம் அவருக்கு உடம்பு சூடாக இருந்தது. மாத்திரை போட்டுப் படுக்க வைத்துவிட்டு அக்காவே கூட்டுக்குப் போனாள். கோழிகளை அடைத்தாள். மூலையில் கிடந்த ஐந்து முட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்தாள். வெளியே வரும்போது இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. மகள். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் போன். கதவை முழங்கையால் தள்ளிச் சாத்திவிட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

விடிந்ததும் டிங்கர்தான் முதலில் பின்பக்கம் போனார். சத்தம் எதுவும் வரவில்லை. நெடுநேரம் ஆளைக் காணோமே என்று அக்கா போய்ப் பார்த்தாள். கூட்டின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளேயும் வெளியேயும் இறகுகள். பதினொரு கோழிகள் செத்துக் கிடந்தன. காட்டிலிருந்து வந்த ஏதோ ஒன்று இரண்டைத்தான் தின்றிருந்தது. மற்றவற்றைக் கழுத்தைக் கடித்து அப்படியே போட்டிருந்தது. எப்படியோ தப்பிய மூன்று, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டிங்கர் சிவப்புக் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். அதன் வளைந்த காலை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் தாழ்ப்பாள் போட மறந்திருக்கேன்" என்றார். "நேத்துப் போட்ட மாதிரியே ஞாபகம் இருக்கு. ஆனா என் ஞாபகத்தை எப்படி நம்புறது?"

அவளுக்கு முழங்கை ஞாபகம் வந்தது. மரக்கதவு அதில் இடித்த இடம்கூடத் தெரிந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"சரி விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. எழுந்திருங்க, தரை ஈரமா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்று முழுவதும் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். குழி தோண்டும்போது கேட்டாள், இறகுகளைக் கூட்டும்போது கேட்டாள். வெட்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் வெட்கம் மட்டும் என்றால் மறுநாள் காலையிலாவது சொல்லியிருப்பாள். அதன் அடியில் இருந்தது பயம். இவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. எனக்கும் தொடங்கிவிட்டால் இந்த வீட்டில் யாரை யார் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நாற்பது வயதுப் பெண், வீட்டில் இன்னும் பாப்பாதான். பெரிய மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குத் தலைவி. எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பாள். கோழிகள் செத்ததை அப்பாவே அவளிடம் போனில் சொல்லிவிட்டிருந்தார், தான் மறந்ததால்தான் செத்தன என்பதையும் சேர்த்து. அவர் பின்பக்கம் போன நேரம் பார்த்து, சமையலறையில் அம்மாவின் முன்னால் ஒரு வண்ணத் தாளை வைத்தாள். மறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம். சுத்தமான அறைகள், நர்ஸ்கள், பூட்டிய வாசல்.

"இன்னிக்குக் கோழிம்மா. நாளைக்கு கேஸை அணைக்காம விட்டுட்டார்னா? நீ ஒருத்தியா எத்தனை நாளைக்குப் பின்னாடியே ஓடுவே?"

இல்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அக்கா அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவின் அடியில் வைத்தாள். யோசிக்கிறேன் என்றாள். மழைக்காலம் முடிகிறவரைக்கும்தான் என்று பாப்பா கெடு வைத்துவிட்டுப் போனாள்.

டிங்கர் மறுநாளே புதுக் கூடு கட்ட வேண்டும் என்றார். மிச்சமிருந்த மூன்றும் துணி துவைக்கும் அறையில் கிடந்து வீட்டையே நாற அடித்துக்கொண்டிருந்தன. அதனால் அக்காவும் சரி என்றாள். இருவரும் கம்பிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கோழி வளர்த்து, இழந்து, மறுபடி வளர்த்தவர். பழைய வலையின் துண்டைக் கையில் வாங்கி அதன் கண்ணை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார்.

"இது கோழி வெளிய போகாம இருக்கத்தான். வெளிய இருக்கிறது உள்ள வராம இருக்க இது ஆகாது. அரை இஞ்சு கண் வச்ச வெல்டு மெஷ் எடுங்க, கம்பியைப் பத்தவச்ச வலை. கீரி தலையை நுழைக்க முடியாது, எலியும் முடியாது."

செத்த கோழிகள் எப்படிக் கிடந்தன என்று விசாரித்துவிட்டு, மரநாயாகத்தான் இருக்கும் என்றார். அது ஏறும், தோண்டும், சும்மா இழுக்கிற தாழ்ப்பாளை நகத்தால் நகர்த்தியும் விடும். அப்படிச் சொன்னபோது அக்காவுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் அது திறந்திருக்கும் போலிருக்கிறதே. ஆனால் கடையைவிட்டு இறங்குவதற்குள்ளேயே அந்த நிம்மதி போய்விட்டது. தாழ்ப்பாள் போடப்படவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் வேலையிலேயே மரங்கள் மல்லுக்கு நின்றன. கூட்டோடு சேர்த்துக் கோழிகள் நடமாடப் போகிற அடைப்பைச் சுற்றிலும் வலையை இரண்டடி ஆழத்துக்குப் புதைக்கலாம் என்று தோண்டத் தொடங்கினார்கள். அரை அடிக்கு ஒரு வேர். கடப்பாரை எகிறி டிங்கரின் தோளில் பட்டது. மூன்றாவது நாள் அவர் கடப்பாரையைப் போட்டுவிட்டு, தரையைக் குனிந்து பார்த்தார். காரின் அடித்தகடு துருப்பிடித்தால் என்ன செய்வோம், வெளிப்பக்கமாக ஒரு தகரத்தை மடித்துப் படியவைப்போம் இல்லையா என்றார். அதையே செய்தார்கள். வலையை அடைப்புச் சுவரின் அடியில் மடித்து, வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையோடு படுக்கவைத்து, முளைக்கம்பி அடித்து, மேலே கல் அடுக்கினார்கள். தோண்ட வருகிறது சுவரை ஒட்டித்தான் தோண்டும். தோண்டினால் நகத்துக்குக் கம்பிதான் அகப்படும். பின்னுக்குப் போய்த் தோண்ட வேண்டும் என்கிற யோசனை அதற்கு வராது.

அந்த நாட்களில் அவர் பழைய டிங்கராக இருந்தார். கூட்டை இடுப்பு உயரத்துக்கு நான்கு இரும்புக் கால்களில் தூக்கி நிறுத்தினார். எதுவும் ஏறிவராதபடி ஒவ்வொரு காலிலும் வழுக்குகிற தகரத்தைச் சுற்றினார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போக விட்ட இடைவெளியையும் வலையால் மூடினார். கோழிகள் பகலில் நடமாடும் அடைப்புக்கு மேற்கூரையும் வலைதான், பருந்துக்காக. வலையை ஆணியடித்து நிறுத்த விடவில்லை. இழுத்தால் வந்துவிடும் என்று, ஒவ்வொரு சாணுக்கும் வாஷர் வைத்துத் திருகு போட்டார். கூட்டுக்கு மேல் நீண்டிருந்த கிளைகளை அக்கா ஏணியில் நின்று அறுத்தாள். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "போதும், இறங்கு, கால் வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நடுநடுவே ஞாபகம் விட்டும் போகும். ஒருநாள் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் வீடு, எதற்கு இவ்வளவு கம்பி என்று கேட்டார். கோழிக்கூடு என்றாள். உடனே அவர் முகம் சுருங்கியது. கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கோழிகள் செத்ததும் கூடவே ஞாபகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் மறந்தவருக்கு அந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. முட்டை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். தட்டில் வைத்தால் அவள் பக்கம் நகர்த்திவிடுவார். மிச்சமிருந்த மூன்று கோழிகளையும், கொலை செய்தவனைப் போல ஒதுங்கி நின்று பார்ப்பார், கிட்டே போகமாட்டார். பகலில் துவைக்கும் அறைக் கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த இரும்புச் சத்தம் சமையலறையில் நிற்கிற அக்காவுக்குக் கேட்கும்.

கடைசியில் கதவு மிஞ்சியது. டிங்கர் பழைய பட்டறைக்குப் போய் ஒரு காரின் கதவுப் பூட்டைக் கேட்டு வாங்கி வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து அதைக் கழற்றி, எண்ணெய் போட்டு, கூட்டுக் கதவில் பொருத்தினார். கதவுக்கு ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார். திறந்து விட்டால் கதவு தானே வந்து சாத்திக்கொண்டு, கார்க் கதவைப் போல டக்கென்று பூட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க உட்பக்கமும் ஒரு பிடி. அதற்கும் மேலே, தானே மாட்டிக்கொள்கிற ஒரு ஸ்பிரிங் கொக்கி.

"இனிமே யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்" என்றார். "கதவே பாத்துக்கும். என்னை மாதிரி ஆளுக்கு இதுதான் சரி."

மத்தியான வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்துகொண்டிருந்தது. அக்கா கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க மறக்கலை. அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல். நீங்க படுத்திருந்தீங்க. கூட்டை அடைச்சது நான். தாழ்ப்பாள் போடாம வந்தது நான்தான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். கோழிகள் செத்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்றே."

"இல்லைங்க. நிஜமா."

"முப்பது வருஷத்துல ஒரு கடுதாசி தவறவிட்டியா நீ? நீ மறக்கிற ஆளா? போ, போய் டீ போடு."

அவள் தேநீர் போடவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பாவும் நம்பவில்லை. அப்பாவை அனுப்ப மனசு வராமல் அம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் அவளுக்குப் பட்டது. அப்படிப் பொய் சொல்லி நாளைத் தள்ளாதே என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

அக்கா விடவில்லை. "நீதான் போன் பண்ணினே, பாப்பா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இரு, கையில முட்டை இருக்கு, கூட்டுலேருந்து வெளிய வரேன்னு சொன்னேனா இல்லையா?"

பாப்பா தன் போனில் அந்த நாளின் அழைப்புகளைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். திரும்பப் பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆமா. சொன்னே. நான்தான் அவசரமா பேசிக்கிட்டே போனேன்." பிறகு கேட்டாள். "அம்மா, அப்போ உனக்கும்…"

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றாள் அக்கா. "அதனாலதான் வாயைத் திறக்கலை."

அடுத்த வாரமே பாப்பா வந்து அம்மாவை அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். கணவரோடு எத்தனையோ தடவை உட்கார்ந்த அறையில், இந்தத் தடவை நாற்காலி மாறி உட்கார வேண்டியிருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். கடிகாரத்தின் முள் கோணலாக வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, ஒரே ஆளாக இன்னொருவரைப் பார்த்துக்கொள்கிற களைப்புத்தான் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இல்லத்துப் பேச்சு அதோடு நின்றது என்று சொல்ல முடியாது, தள்ளிப்போனது. பாப்பா வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிற வழக்கம் தொடங்கியது. கூட்டில் மூன்று பழைய கோழிகளும் எட்டுப் புதியவையும் குடியேறின. மழைக்காலத்தில் ஒரு காலை, படுக்கவைத்த வலையின் ஓரத்தில் மண் கிளறிக் கிடந்தது, தகரத்தில் நகக்கீறல். உள்ளே பதினொன்றும் பத்திரமாக இருந்தன. டிங்கர் அந்தக் கீறல்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பள்ளம் விழவில்லை, கீறல்தான் என்றார்.

ஆனால் அவருக்குக் குற்றம் தீரவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாளாவது கூட்டின் முன்னால் நின்று, நான்தான் தாழ்ப்பாள் போடாமல் விட்டேன் என்பார். அப்போதெல்லாம் அக்கா செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து, இல்லை, நான் என்று சொல்வாள். அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற செய்தி. பல தடவை சிரித்துத் தள்ளிவிடுவார். சில தடவை அவள் தலையில் கை வைத்து, போகட்டும் போ, யாருக்குத்தான் மறக்காது என்பார். அந்த ஆறுதல் அவளுக்கு ஒட்டவே இல்லை. நாளைக்கு அவர் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார், தானே மறுபடி குற்றவாளி ஆகிவிடுவார். தபால் கொடுத்த காலத்தில் ஒரு வாசலுக்கு ஒரு தடவை போனால் போதும். இந்தக் கடிதத்தை அவள் ஒரே வாசலில் தினமும் கொடுக்க வேண்டியிருந்தது.

பனி தொடங்கிய மாதம் ஒரு மத்தியானம், அவள் சொன்னதை அவர் நம்பினார். எதனால் என்று தெரியாது. அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாள் ஏன் சொல்லலை? அந்த வளைஞ்ச கால்காரி என் மடியில கிடந்தப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடைப்பின் மறுபக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள்மேல் கோபப்பட்டது கை விரல்களுக்குள் அடங்கும். அன்று கோபப்பட்டார். அக்கா சமையலறை ஜன்னலில் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதக்கணக்காக உள்ளே கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது.

நாலு மணிவாக்கில் தூறல் விழுந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் ஏறின. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் குடையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நீட்டினாள். அவர் அவளைப் பார்க்காமலே அதை வாங்கினார். விரித்துப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, அவள் நனைகிறாள் என்று தெரிந்ததும், முகத்தைத் திருப்பாமலே குடையை அவள் பக்கம் சாய்த்தார்.